சின்ன கார்டனிங் கம்பெனிக்குள் அடிமை உழைப்பு நுழையாமல் தடுப்பது எப்படி? பிரிட்டனில் தொழில் நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வேன், இரண்டு புல்வெட்டும் மெஷின், மூன்று நான்கு ஆட்கள். பிரிட்டனில் இப்படித் தோட்ட வேலைத் தொழில் நடத்துபவர்களுக்கு, கவுன்சிலிடமோ பெரிய கட்டட கம்பெனியிடமோ வேலை கேட்கப் போகும்போது ஒரு கேள்வித்தாள் வரும். அதில் ஒரு பகுதி: "உங்கள் சப்ளை செயினில் நவீன அடிமைத்தனம் இல்லாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?" எனக்கு அது வந்தபோது, உதவிக்கு என்று கிடைத்த வழிகாட்டிகள் எல்லாமே சட்டப் பிரிவும் ஆடிட்டர்களும் வைத்திருக்கிற பெரிய நிறுவனங்களுக்கு எழுதப்பட்டவை. நம்மைப் போன்றவர்களுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்தெடுக்க நிறைய அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாளை நிரப்புவதற்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள். கொத்தடிமை என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிவிட்டு, அதை அடைக்க முடியாமல் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டவர்களின் கதை நம் ஊர்க் கதை. இந்தியாவில் அதை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்தது, இன்னும் ஒழியவில்லை. அதே உழைப்பு, தரையில் பதிக்கும் ஒரு பேவிங் கல்லாக நம் வேனில் ஏறிவிடக்கூடும்.

1. சட்டம் உங்களிடம் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2015-ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, ஆண்டு வருவாய் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. நீங்களும் நானும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. அதனால் அறிக்கை உங்களுக்குக் கட்டாயம் இல்லை.

ஆனால் இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். ஒருவரை அடிமையாக வைத்து வேலை வாங்குவதும், கட்டாய உழைப்பும், ஆள் கடத்தலும் எந்த அளவுள்ள கம்பெனிக்கும் குற்றம்தான். உச்சபட்ச தண்டனை ஆயுள் சிறை. இரண்டாவது, அரசு ஒப்பந்தங்களுக்கான புதிய கொள்முதல் சட்டம் 2025 பிப்ரவரி 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இந்தக் குற்றங்களில் சிக்கியவர்களை ஒப்பந்தப் போட்டியிலிருந்து விலக்கலாம். கவுன்சில் வேலையை எடுத்த பெரிய ஒப்பந்தக்காரர் அதே கேள்வியைத் தனக்குக் கீழே உள்ள உங்களிடம் கேட்பது இதனால்தான்.

"சட்டப்படி கட்டாயம் இல்லை" என்று கேள்வித்தாளில் எழுதி அனுப்பினால் மதிப்பெண் கிடைக்காது. அடுத்த படிகளில் சொல்லும் நாலைந்து வேலைகளைச் செய்து, அவற்றை எழுதி அனுப்பினால் கிடைக்கும்.

2. கடந்த ஓராண்டு பில்களை எடுத்து ஒரே பட்டியல் போடுங்கள்

செலவு கிடையாது. ஒரு மாலைப்பொழுது போதும். கடந்த பன்னிரண்டு மாத இன்வாய்ஸ்களையும் வங்கிக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, யாரிடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதுங்கள். நான்கு பத்திகள் போதும்: யாரிடம் வாங்கினீர்கள், என்ன பொருள் அல்லது சேவை, அது எந்த நாட்டிலிருந்து வருகிறது, அதை யார் கையால் செய்கிறார்கள்.

மூன்றாவது, நான்காவது பத்திகளில் பாதி இடம் காலியாக இருக்கும். அதுவே உங்களுக்கு வேண்டிய தகவல். காலியாக உள்ள இடங்களில் எதற்கு அதிகப் பணம் போகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான தோட்ட கம்பெனிகளுக்கு அது இரண்டு இடங்களாகத்தான் இருக்கும்: வெளியிலிருந்து கூட்டிவரும் ஆட்கள், இறக்குமதிக் கல்.

இந்த வேலையை நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் செய்யுங்கள். மார்ச் மாதம் புல் வளரத் தொடங்கிய பிறகு உங்களுக்கும் நேரம் இருக்காது, சப்ளையரிடமிருந்தும் பதில் வராது.

3. ஆட்கள்: முதலில் விலையைப் பாருங்கள்

நவீன அடிமைத்தனம் என்றதும் எங்கோ தூர தேசத்துக் குவாரியை நினைக்கிறோம். நமக்கு மிக அருகில் இருக்கும் ஆபத்து, காலையில் வந்து நிற்கும் ஆள் வேன். 2011 செப்டம்பரில் பெட்ஃபோர்ட்ஷயரில் லெய்டன் பஸ்ஸார்ட் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கேரவன் முகாமில் போலீஸ் நுழைந்து 24 ஆண்களை மீட்டது. வீடில்லாதவர்கள், குடிப்பழக்கத்தில் விழுந்தவர்கள் என்று தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, வீட்டு முன்வாசல்களில் பேவிங் போடும் வேலையைக் கூலி இல்லாமல் செய்ய வைத்திருந்தார்கள். நாம் செய்யும் அதே தொழில்.

சரி, சின்ன கம்பெனி இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கணக்குப் போட்டுத்தான்.

2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. விடுமுறைக்கான தொகை 12.07 சதவீதம் சேர்த்தால் 14.24 ஆகிறது. முதலாளி கட்டவேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் 15 சதவீதம், பென்ஷன் 3 சதவீதம் ஆகியவற்றையும் சேர்த்தால் முழுநேர ஆளுக்கு 16 பவுண்டைத் தாண்டிவிடும். இதற்கு மேல்தான் ஏஜென்சியின் லாபம். சின்ன ஏஜென்சிகளுக்கு இன்சூரன்ஸில் சலுகை உண்டு என்பதால் கொஞ்சம் குறையலாம். ஆனால் மணிக்கு 14 பவுண்டுக்குக் கீழே 21 வயது நிரம்பிய ஆளை அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால், வித்தியாசத்தை யாரோ ஒருவர் தன் உழைப்பில் ஈடுகட்டுகிறார் என்று அர்த்தம். வேறு வழியே இல்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அலுவலக மேசையில் ஒட்டி வையுங்கள். ஒவ்வோர் ஏப்ரலிலும் தொகை மாறும், அப்போது திருத்துங்கள். 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்குத் தொகை குறைவு, அதைத் தனியாகப் பாருங்கள்.

ஆட்களை அனுப்பும் ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை:

- கம்பெனி பதிவு எண். கம்பெனிகளைப் பதியும் அரசு அமைப்பான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். போன வாரம் தொடங்கிய கம்பெனியா, அதே இயக்குநர் இதற்கு முன் நடத்தி மூடிய கம்பெனிகள் எத்தனை என்று பாருங்கள்.
- ஒரு சம்பளச் சீட்டின் நகல், பெயரை மறைத்துக் கொடுத்தாலும் போதும். வீட்டு வாடகை, வேன் செலவு, "நிர்வாகச் செலவு" என்று பிடித்தம் இருந்தால் விளக்கம் கேளுங்கள். தங்க இடம் கொடுத்து வாடகை பிடித்தால், குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் நாளுக்கு இவ்வளவுதான் காட்டலாம் என்று உச்சவரம்பு உண்டு. 2025 ஏப்ரலில் அது 10.66 பவுண்டு.
- வேலை வாங்கித் தருவதற்காக ஆட்களிடம் பணம் வாங்குவதில்லை என்று எழுத்தில் உறுதி. 1973-இன் வேலைவாய்ப்பு ஏஜென்சிச் சட்டப்படி அப்படி வாங்குவதே இங்கே குற்றம்.

அடுத்து, பலரும் குழம்பும் இடம். செடி வளர்க்கும் நர்சரிக்கு ஆள் அனுப்புபவருக்கு கேங்மாஸ்டர் உரிமம், அதாவது ஆள் சப்ளை செய்வதற்கான உரிமம், கட்டாயம். மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரியில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் அலையில் சிக்கி இறந்த பிறகு அந்த உரிம முறை வந்தது. உரிமம் இல்லாதவரிடம் ஆள் எடுப்பவரும் குற்றவாளிதான். யாருக்கு உரிமம் இருக்கிறது என்ற பட்டியல் ஜி.எல்.ஏ.ஏ. என்ற அமைப்பின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. அந்த அமைப்பு ஃபேர் வொர்க் ஏஜென்சி என்ற புதிய அமைப்புக்குள் சேர்ந்துவிட்டதால் இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டுவதும் பேவிங் போடுவதும் இந்த உரிமத்துக்குள் வராது. "எங்கள் வேலைக்கு உரிமமே தேவையில்லை" என்று ஏஜென்சி சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக அவர் சுத்தம் என்று ஆகிவிடாது. உரிமம் கேட்க வழியில்லாத வேலையில் உங்கள் கண்தான் காவல்.

சப்-கான்ட்ராக்டரை வைத்துத் தளம் போடுபவர்கள், சி.ஐ.எஸ். எனப்படும் கட்டுமானத் தொழில் வரிப் பிடித்தத்துக்காக வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யில் அவரைச் சரிபார்ப்பீர்கள் அல்லவா? அந்த நேரத்தில் இன்னொன்றும் செய்யுங்கள். பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் வேலை செய்பவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மூன்று பேருக்கு ஒரே கணக்கு, ஒரே போன் எண், ஒரே முகவரி என்றால் நிறுத்திக் கேளுங்கள். "என் மச்சான் கணக்கில் போடுங்கள், எனக்கு இன்னும் கணக்குத் திறக்கவில்லை" என்பது சில நேரம் உண்மையான பதில். பல நேரம், அந்த மச்சான்தான் கூலியை வைத்துக்கொள்பவர். புதிதாக வந்தவருக்கு வங்கிக் கணக்குத் திறக்க நீங்களே உதவி செய்யுங்கள். ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதற்கு என்ன செலவு?

நேரடியாக ஆள் எடுத்தால், வேலை தொடங்கும் முன்பே வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்க வேண்டும். ஈ-விசா வைத்திருப்பவர் இணையத்தில் எடுத்துத் தரும் ஷேர் கோட் என்ற குறியீட்டையும் பிறந்த தேதியையும் அரசு இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. வந்த பக்கத்தைச் சேமித்து, அவர் வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகும்வரை வைத்திருங்கள். சரிபார்க்காமல் உரிமை இல்லாதவரை வைத்திருந்தால் ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் 60,000 வரை. பாஸ்போர்ட்டைப் பார்த்து நகல் எடுத்ததும் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். "பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கி வைக்கும் பழக்கம் நம் ஊர் முதலாளிகள் சிலரிடம் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது தவறு. ஒருவரைப் பிடித்து வைப்பதில் முதல் வேலையே அதுதான்.

4. கல்: ராஜஸ்தான் குவாரி வரை கேளுங்கள்

பிரிட்டன் தோட்டங்களில் போடும் இந்திய மணற்கல் பெரும்பாலும் ராஜஸ்தானின் கோட்டா, பூந்தி, பில்வாரா பகுதிகளிலிருந்து வருகிறது. அங்கே வேலை பெரும்பாலும் துண்டுக் கணக்கில், முன்பணத்தின் மேல் நடக்கிறது. கல் தூளை ஆண்டுக்கணக்காகச் சுவாசிப்பதால் சிலிகோசிஸ் வரும், அதற்கு மருந்து கிடையாது. தந்தை படுக்கையில் விழுந்தால் வாங்கிய முன்பணம் மகன் தலையில் ஏறுகிறது. பூந்தி மாவட்டத்தின் புத்புரா என்ற ஊரில் வீட்டு வாசல்களில் கழிவுக் கல்லை உடைத்துச் சதுரக் கற்களாகச் செதுக்கும் வேலையைப் பெண்களும் குழந்தைகளும் செய்வது 2005 வாக்கிலேயே வெளிவந்தது. கையால் உடைத்த அந்தச் சின்னக் கற்கள்தான் ஐரோப்பாவில் நடைபாதை ஓரங்களுக்கும் தோட்ட விளிம்புகளுக்கும் போகின்றன. உங்கள் பட்டியலில் "கையால் செதுக்கிய" என்று வரும் எல்லாவற்றையும் முதலில் விசாரியுங்கள்.

கிரானைட் என்றால் கேள்வி இன்னும் நம் பக்கம் வருகிறது. தென்னிந்தியக் குவாரிகளிலும் முன்பணக் கடனில் கட்டுண்டவர்கள் இருப்பதை 2017-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இந்த ஊர்க் கல்லை நாம் வாங்கும்போது "எங்க ஊர்தானே" என்ற நம்பிக்கையில் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

கல் வாங்கும் கடையிடம் கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. கடைக்குச் சப்ளை செய்யும் இறக்குமதியாளர் யார் என்று கேட்டு, அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேள்விகள் இவை:

- இந்தக் கல் எந்தக் குவாரியிலிருந்து வருகிறது, எந்தப் பட்டறையில் அறுக்கிறார்கள்?
- கடைசியாக அங்கே போய்ப் பார்த்தவர் யார், எப்போது, என்ன குறை கண்டார்?
- ஈ.டி.ஐ. எனப்படும் நேர்மையான வணிகக் கூட்டமைப்பில் உறுப்பினரா? ஸெர்டிஃபிக்ஸ், ஃபேர் ஸ்டோன் போன்ற முத்திரை உண்டா?
- தொழிலாளர் தங்கள் புகாரை யாரிடம் சொல்வார்கள்?

பதில் வர வாரக்கணக்கில் ஆகும். நினைவூட்டல் அனுப்பத் தயங்காதீர்கள். பதிலே வரவில்லை என்றால் அதையும் பட்டியலில் தேதியோடு எழுதுங்கள்.

ஏமாறும் இடங்கள் மூன்று. ஒன்று, கல்லின் வியாபாரப் பெயர். "கண்ட்லா கிரே" என்றால் குவாரி எங்கே என்று தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம். கண்ட்லா குஜராத்தில் உள்ள துறைமுகம். கல் எங்கே வெட்டப்பட்டது என்று அந்தப் பெயர் சொல்லாது. இரண்டு, சி.இ. முத்திரை. அது கல் உறைபனியைத் தாங்குமா, வழுக்குமா என்பது போன்ற விஷயங்களுக்கானது. வெட்டியவருக்குக் கூலி கிடைத்ததா என்று அதில் இருக்காது. மூன்று, "குறை எதுவும் இல்லை" என்று வரும் ஆடிட் அறிக்கை. ஒரு குவாரியில் ஒரு குறைகூட இல்லை என்பவரைவிட, "முகமூடி தரவில்லை, ஆறு மாதத்தில் சரிசெய்தார்கள்" என்று எழுதுபவரை நான் நம்புவேன்.

விலையும் பேசும். கடைகளில் மற்றவரைவிட மிகக் குறைவாக ஒரு கல் கிடைக்கிறது என்றால் காரணம் கேளுங்கள். பழைய கட்டடங்களிலிருந்து எடுத்த கல்லோ யார்க்ஷயர் கல்லோ போட்டால் விலை இந்தியக் கல்லைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். வாடிக்கையாளரிடம் இரண்டு மேற்கோளும் கொடுத்து, வித்தியாசம் ஏன் என்று சொல்லுங்கள். எல்லோரும் விலை உயர்ந்ததை எடுக்க மாட்டார்கள். ஆனால் ஆடிட் விவரம் தரும் இறக்குமதியாளரின் கல்லுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தர நிறையப் பேர் சம்மதிக்கிறார்கள்.

ஒரு குவாரியில் தவறு நடப்பது தெரிந்தால் உடனே அங்கிருந்து வாங்குவதை நிறுத்தி ஓடிவிடுவது எளிது. அப்படி ஓடினால் அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகாது, அடுத்த குவாரிக்குப் போகும். இறக்குமதியாளரிடம் கெடு வைத்து, என்ன திருத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். திருத்த மறுத்தால் அப்போது விலகுங்கள்.

5. மற்ற சரக்குகளைச் சுருக்கமாகப் பாருங்கள்

செடிகள்: மொத்த நர்சரிகள் பருவகால விசாவில் ஆட்களைக் கொண்டுவருகின்றன. அந்த விசா ஆறு மாதத்துக்கு. நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து 2022-இல் வந்த சிலர் ஊரிலுள்ள தரகர்களுக்குப் பெருந்தொகை கொடுத்துக் கடனோடு வந்தது வெளிவந்தது. நர்சரியிடம் ஆட்கள் எந்த நிறுவனம் வழியாக வருகிறார்கள், ஊரில் யாருக்காவது பணம் கட்டினார்களா என்று கேளுங்கள்.

ரப்பர் கையுறை: மலேசியத் தொழிற்சாலைகளில் வங்கதேசத்தவரும் நேபாளிகளும் தரகர் கடனில் மாட்டியிருந்ததால், 2020 ஜூலையில் அமெரிக்கா அங்குள்ள மிகப் பெரிய தயாரிப்பாளரின் சரக்கை எல்லையில் நிறுத்தியது. அடுத்த ஆண்டு திருத்தங்களுக்குப் பிறகு அனுமதித்தது. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் இல்லாத கையுறையை வாங்காதீர்கள்.

தேங்காய் நார்த்தூள்: பீட் மண்ணுக்குப் பதிலாக எல்லோரும் இதற்கு மாறுகிறார்கள். பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறது. நமக்குத் தமிழில் போன் போட்டுக் கேட்க முடியும் என்பது இங்கே பெரிய வசதி. வெளிமாநில ஆட்கள் ஆலைக்குள் தங்கியிருந்தால் கூலி யார் கையில் போகிறது, ஊருக்குப் போக விடுகிறார்களா என்று கேளுங்கள்.

6. ஒரு பக்க அறிக்கை எழுதுங்கள்

இது எழுத ஒரு நாள் போதும், வக்கீல் தேவையில்லை. சட்டம் சொல்லும் ஆறு தலைப்புகள்: உங்கள் கம்பெனியும் சப்ளையர்களும், உங்கள் கொள்கை, எப்படி விசாரிக்கிறீர்கள், எங்கே ஆபத்து, செய்தது பலித்ததா என்று எப்படி அளக்கிறீர்கள், ஆட்களுக்குப் பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வரி எழுதுங்கள். இயக்குநர் கையெழுத்துப் போட்டு, இணையதளம் இருந்தால் முகப்பிலிருந்து இணைப்புக் கொடுங்கள். இந்த அறிக்கைகளுக்காக அரசு 2021-இல் திறந்த பதிவேட்டில் சின்ன கம்பெனிகளும் விரும்பினால் இலவசமாகப் பதியலாம். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் புதுப்பிப்பது நல்ல வழக்கம்.

பெரிய கம்பெனியின் அறிக்கையை நகல் எடுத்துப் பெயரை மாற்றிப் போடாதீர்கள். "எங்கள் எல்லாச் சப்ளையர்களையும் தணிக்கை செய்துள்ளோம்" என்ற வரி அதில் இருக்கும். நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள். டெண்டரில் பொய் சொன்னதாக அது பிறகு உங்கள் மேலேயே திரும்பும். "ஐந்து சப்ளையர்களிடம் கேட்டோம், மூவர் பதில் தந்தனர், இருவரிடம் மறுபடி கேட்கிறோம்" என்று உண்மையை எழுதுங்கள். கேள்வித்தாளைப் படிப்பவர்களுக்கு எது உண்மை என்று தெரியும்.

7. சந்தேகம் வந்தால்

உங்கள் ஆட்கள் இன்னொரு கம்பெனியோடு ஒரே தளத்தில் வேலை செய்யும்போதுதான் பெரும்பாலும் கண்ணில் படும். யாரோ ஒருவர் எல்லோருக்காகவும் பேசுகிறார், மற்றவர்கள் கண்ணைப் பார்ப்பதில்லை. குளிரில் கையுறையும் நல்ல காலணியும் இல்லை. சாப்பாடு கொண்டுவருவதில்லை. எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றால் முகவரி தெரியவில்லை. காயம் பட்டால் மருத்துவமனைக்குப் போக மறுக்கிறார். இதில் ஒன்று மட்டும் இருந்தால் வறுமையாக இருக்கலாம். சேர்ந்து இருந்தால் சொல்ல வேண்டும்.

கூட்டிவந்தவரிடம் நேராகப் போய்க் கேட்காதீர்கள். அன்று இரவே அந்த ஆட்களை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள், அடியும் விழலாம். தொழிலாளியிடம் தனியாக, பொதுவான பேச்சாகப் பேசுங்கள். தேதி, இடம், வேன் எண், பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999. இல்லையென்றால் நவீன அடிமைத்தன உதவி எண் 08000 121 700. பெயர் சொல்லாமலும் பேசலாம். நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் கூப்பிட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். விசாரிப்பது அவர்கள் வேலை.

நவீன அடிமைத்தனத்தில் சிக்கியவர்களுக்கான என்.ஆர்.எம். என்ற அரசு உதவி முறையில் ஒருவரைச் சேர்க்க உங்களால் முடியாது. போலீஸ், கவுன்சில், சால்வேஷன் ஆர்மி போன்ற அங்கீகரிக்கப்பட்டவர்கள்தான் சேர்ப்பார்கள், பெரியவர் என்றால் அவர் சம்மதமும் வேண்டும். விசா இல்லாதவர் இதைக் கேட்டாலே பயப்படுவார். அதனால் "உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. உதவி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுக்காமல் அவர் மனதில் நிற்கும்படி சொல்லுங்கள். தாள் சட்டைப்பையில் கிடைத்தால் அவருக்குத்தான் ஆபத்து. உங்களிடமிருந்து அந்த ஆட்களின் கூலி இன்னும் போகவேண்டியிருந்தால், புகார் சொன்ன அழைப்பிலேயே அதையும் சொல்லி, பணத்தை யாரிடம் எப்போது கொடுப்பது என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.